மாடியில் ஒரு வெளிநாடு

ஒத்திகை பார்க்காத எந்தக் காரியமும் மாஸ்டருக்கு ஆகாது. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். அவருடைய காரில் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொரு பிரேக். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சரி, தெருமுனை வந்ததும் தன் பிரேக்கை ஒரு மிதி மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, "இப்ப ஒரு குழந்தை குறுக்க வந்திருந்தா?" என்று கேட்பார். குழந்தை வரவே வராது. ஆனாலும் கேட்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள் என்பதால் அவர் ஊருக்கே மாஸ்டர். அவர் மனைவி மாஸ்டரம்மா. அவளுக்கு வேறு பெயர் இருந்ததை ரேஷன் கடைக்காரர்கூட மறந்துபோயிருந்தார்.

கல்யாணமான புதிதில் மனைவிக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார் மாஸ்டர். லைசென்ஸ் வாங்கப் போகலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றார். மகள் பிறந்து, வளர்ந்து, பட்டம் வாங்கி, மேல்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கிவிட்டாள். மாஸ்டரம்மா இன்னும் பழகி முடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது.

மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். விசா கைக்கு வந்த அன்றிலிருந்து பாப்பாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. அங்கே பல் வைத்தியம் யானை விலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வலிக்காத கடைவாய்ப் பல்லையும் பிடுங்கவைத்தார் மாஸ்டர். கன்னம் வீங்கி, ஒருவாரம் கஞ்சி குடித்தாள். மூக்குக் கண்ணாடி இரண்டாவது ஜோடி, தடுப்பூசிகள், சான்றிதழ்களுக்கெல்லாம் கையெழுத்து வாங்கிய நகல்கள், அந்த நாட்டுச் சுவரில் பொருந்துகிற பிளக், துணியை அமுக்கிக் காற்றை உறிஞ்சி அப்பளமாக்கும் பைகள். படித்துத் திரும்பியிருந்த யாரோ ஒருவரிடமிருந்து முழங்கால் வரை வரும் பழைய குளிர்கோட்டு ஒன்றும் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாஸ்டர் அதோடு நிற்கிற ஆளா?

மாடியில் குடியிருந்தவர்கள் காலிசெய்து போயிருந்தார்கள். வெளிப்பக்கமாகப் படி, ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. ஒருநாள் காலை மாஸ்டர் பாப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அந்த நாட்டு நேரத்துக்கு முள்ளைத் திருப்பி, மறுபடி மாட்டினார்.

"இன்னையிலருந்து கிளம்புற நாள் வரைக்கும் இது வெளிநாடு. நீயே வாங்கணும், நீயே சமைக்கணும், நீயே துவைக்கணும். கடைக்குப் போகலாம், வரலாம். கீழ்வீட்டு வாசப்படியை மட்டும் மிதிக்கக் கூடாது. ஒருநாளைக்கு ஒருதடவ போன்ல பேசலாம். புரியுதா?"

"புரியுதுப்பா," என்றாள் பாப்பா. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்றுதான் அவளும் நினைத்தாள், மாஸ்டரம்மாவும் நினைத்தாள். மாஸ்டர் அவள் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோதுதான், இவர் விளையாடவில்லை என்று தாய்க்கு உறைத்தது.

முதல் சில நாட்கள் மாஸ்டரம்மாவுக்குக் காதுதான் கண். மேலே நாற்காலி நகர்ந்தால் படிக்கிறாள். தண்ணீர் விழுந்தால் குளிக்கிறாள். தீய்ந்த வாடை இறங்கி வந்தால் சமைக்கிறாள். ஒருநாள் மனசு கேட்காமல், ஒரு டப்பாவில் சாப்பாடு போட்டு, துவைத்த துணிக்கு அடியில் ஒளித்து, படிவழியாக ஏறினாள். பாதிப் படியில் அவளுடைய நாத்தனார் மறித்தாள். மாஸ்டரின் அக்கா. கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி கிழித்த கோட்டைத் தாண்டாதவள் மட்டுமல்ல, அடுத்தவர் தாண்டுகிறார்களா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பவள்.

"இந்த நாட்டுக்குள்ள சமைச்ச உணவு கொண்டுபோக அனுமதி இல்ல," என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். "கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்ட." அங்கேயே படியில் உட்கார்ந்து அவ்வளவையும் தின்று தீர்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

மாஸ்டரம்மா யாரிடம் போய்ச் சொல்வாள்? தலைக்கு மேலே நடமாடுகிற பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தினமும் அந்த ஒரு போனுக்காகக் காத்திருந்தாள். அதையும் முதலில் மாஸ்டர் வாங்கிப் பேசிவிட்டு, நாத்தனார் வாங்கி விசாரித்துவிட்டு, கடைசியில்தான் அவள் கைக்கு வரும். "சாப்டியா?" என்பதற்குள் மேலேயும் கீழேயும் வேலை வந்துவிடும்.

அப்போதுதான் மாஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. தெருமுனைக் குழந்தை யோசனை.

"நீ கூடத்துல படுத்துக்க," என்றார் மனைவியிடம். "அக்கா போன் பண்ணி, நீ மயங்கி விழுந்துட்டன்னு சொல்லட்டும். அவ என்ன பண்றான்னு பாப்போம்."

"அபசகுனமா என்னங்க இது?"

"அங்க போனப்புறம் இப்படி ஒரு போன் வராதா? அப்ப படிப்பை விட்டுட்டு ஓடி வந்தா என்ன ஆகும்? படு."

மாஸ்டரம்மா படுத்தாள். கணவனுக்குப் பயந்து படுத்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மிச்சப் பாதியை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்: போன் போனால் பாப்பா வருவாள், முகத்தைப் பார்க்கலாம். அந்த ஆசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் கிடந்தாள்.

படியில் தடதடவென்று சத்தம். பாப்பா செருப்பில்லாமல், கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து, "அம்மா, அம்மா" என்று தாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நுரை மாஸ்டரம்மாவின் காதுக்குள் போனது. அவளுக்குக் கண்ணைத் திறக்க மனமில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்த மடியில் கிடந்தாள். திறந்தபோது சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை.

பாப்பா சிரிக்கவில்லை. தாயின் முகத்தையும் கைகட்டி நிற்கும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தோத்துட்ட," என்றார் மாஸ்டர். "விமானத்துலருந்து குதிச்சு வருவியா? சொல்லு, குதிப்பியா?"

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஒரு போன் வந்தால் பதறக் கூடாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு அங்கிருந்தே ஏற்பாடு செய்ய வேண்டும். "என்னால இப்ப வர முடியாது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். பாப்பாவை அதைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இது முதல் தடவ, மன்னிச்சேன். இன்னொரு தடவ இந்தப் படியில இறங்கி உள்ள வந்தா, பெட்டியைப் பிரிச்சுடலாம். பாஸ்போர்ட் என்கிட்டயே இருக்கட்டும். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் சொன்னதுதான் என்பது மாஸ்டரம்மாவுக்குத் தெரியாதா? அவள் வாங்காத லைசென்ஸே சாட்சி. பாப்பா எழுந்தாள். வாசலில் நின்று, அப்பாவை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"நீயுமாம்மா?"

பதிலுக்கு நிற்காமல் படியேறிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த போன்களில் பாப்பா மாஸ்டரம்மாவிடம் ஒழுங்காகத்தான் பேசினாள். ஒழுங்காகப் பேசியதுதான் வலித்தது. தூரத்துச் சொந்தத்திடம் விசாரிப்பதுபோல "நல்லா இருக்கியா, மாத்திரை போட்டியா" என்று விசாரித்தாள்.

கிளம்ப ஒருவாரம்கூட இல்லாத ஒரு காலை. நாத்தனாருக்குக் கண் பரிசோதனை. மாஸ்டர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது முன்கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொள்ளச் சொன்னார். மாஸ்டரம்மா தாழ்போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குளிர்கோட்டைத் துவைக்க வேண்டும். யாரோ போட்டு வியர்த்த கோட்டு, அப்படியே எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பது? பாப்பா எப்போது கூப்பிடுவாளோ என்று போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி வாளி ஓரமாக வைத்துக்கொண்டாள்.

நனைந்ததும் கோட்டு கன்றுக்குட்டி கனம் கனத்தது. அலசிப் பிழிவதற்காக இரண்டு கையாலும் தூக்கினாள். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. கோட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

வலியில் கண் இருட்டியது. இருட்டு விலகியதும் அவளுக்குத் தோன்றிய முதல் நினைப்பு என்ன தெரியுமா? இனிமேல் பாப்பா எப்படிப் போவாள் என்பதுதான். எலும்பு முறிந்து ஈரத்தில் கிடக்கிறாள், மனசு ஒரு நொடி துள்ளியது. இது நடிப்பில்லை. இந்தத் தடவை நிஜம். நிஜமாக விழுந்த அம்மாவை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை விமானம் ஏறும்?

கையை நீட்டிப் போனை எடுத்தாள். முதலில் கூப்பிட்டது பாப்பாவைத்தான்.

"பாப்பா, விழுந்துட்டேன்டி. குளியலறையில. கால் ஒடிஞ்சுபோச்சு."

மேலே நாற்காலி நகர்ந்தது. பிறகு சத்தமில்லை.

"நிஜமாடி. அப்பா இல்ல, அத்தையும் இல்ல. வண்டி நிக்குதான்னு பாரு. நான் பொய் சொல்லல."

தலைக்கு மேலே காலடி கேட்டது. கட்டிலைச் சுற்றி, அலமாரியைத் தாண்டி, கார் நிற்கும் இடத்தைப் பார்க்கிற ஜன்னல் பக்கம் போனது. அங்கே நின்றது. காலி இடத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பாப்பா அதைவிட அதிக நேரம் நின்றாள். பிறகு காலடி ஜன்னலிலிருந்து திரும்பி, கதவுப் பக்கம் போகாமல், நாற்காலிக்கே வந்தது.

"பக்கத்துல யாரும் இல்லையாம்மா?" என்றது போன்.

"நீதான்டி இருக்க!"

"ரத்தம் வருதா?"

"வந்து பாரேன்டி! கொல்லைக் கதவு திறந்துதான் கிடக்கு. அப்பாகிட்ட நான் மூச்சுவிட மாட்டேன். வந்து தூக்கிவிட்டுட்டு மேல போயிடு. சத்தியமா சொல்ல மாட்டேன்."

பாப்பாவின் மூச்சு போனில் கேட்டது. அழுகிறாளோ என்று மாஸ்டரம்மாவுக்கு ஆசையாக இருந்தது.

"நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்," என்றாள் பாப்பா. குரல் நடுங்கியது, ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை. "அசையாம படுத்திரும்மா. என்னால இப்ப வர முடியாது."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டரம்மா கணவனைக் கூப்பிடவில்லை. ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார், அது ஒரு காரணம். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை என்பது உண்மைக் காரணம். ஈரக் கோட்டு அவள் மேல் பாதி கிடந்தது. தள்ளிவிடவும் தெம்பில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மேலே சத்தமே இல்லை. பெற்ற மகள்மேல் இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததேயில்லை. வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் கொல்லைக் கதவு வழியாக வந்தார்கள். கோட்டை எடுத்து வீசிவிட்டு, அவளைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டி, வெளியே கொண்டுபோனார்கள். வானத்தைப் பார்த்தபடி போனவளுக்கு மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும் உருவம் தெரிந்தது. பாப்பா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது, விட்டால் விழுந்துவிடுவதுபோல.

"வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?" என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

"இல்ல."

"மேல நிக்கிறாங்களே, அவங்க?"

மாஸ்டரம்மா மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மேலே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"குடியிருக்கிறவங்க. வாடகைக்கு."

அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் கண் விழித்தபோது மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். மனைவியின் காலைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார். கேட்டுவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் பாப்பாவின் கதையைச் சொன்னார்.

"எவ்வளவு தெளிவு பாருங்க! வேற பிள்ளையா இருந்தா கத்திக் கூப்பாடு போட்டுக்கிட்டு ஓடி வந்து, இடுப்பு ஒடிஞ்சவளைப் பிடிச்சு இழுத்துத் தூக்கி, இன்னும் கெடுத்திருக்கும். இவ உக்காந்த இடத்துலருந்து எல்லாத்தையும் முடிச்சுட்டா. டாக்டரே சொல்றாரு, தூக்காம விட்டது நல்லதுன்னு."

டாக்டர் அப்படித்தான் சொன்னார். அதுதான் மாஸ்டரம்மாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஜன்னல்வரை போன காலடியைப் பற்றி டாக்டருக்கு என்ன தெரியும்? அவள் கணவனிடம் சொன்னாள், ஒன்றுவிடாமல் சொன்னாள். நிஜம் என்று தெரிந்தும், நீங்கள் இல்லை என்று தெரிந்தும் அவள் வரவில்லை என்றாள். சொன்னால் மனிதர் கொதிப்பார், பெட்டியைப் பிரிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

மாஸ்டர் கொதிக்கவில்லை. அவர் கண் கலங்கியது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

"பீரோவுல பாஸ்போர்ட் இருக்கு. எடுத்து அவ கையில குடுத்துடு," என்றார். "இனிமே அவளுக்குச் சொல்லிக்குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

கிளம்புகிற நாளன்று மத்தியானம்தான் பாப்பா தனியாக மருத்துவமனைக்கு வந்தாள். அதற்கு முன் வந்தபோதெல்லாம் கூட யாராவது இருந்தார்கள். இரண்டு பெட்டியும் எடைபோட்டுக் கட்டியாகிவிட்டது, சாயங்காலம் விமானம். நாத்தனாரை வெளியே காற்றாட அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாயின் சிக்குப் பிடித்த தலையை வாரத் தொடங்கினாள். மாஸ்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். தலை மகளின் கையில் இருந்தது.

"நான் இறங்கி வந்திருந்தா, நீ என்னை அனுப்பியிருப்பியாம்மா?"

அனுப்பியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் மாஸ்டரம்மா. அப்படிச் சொன்னால் குற்றம் முழுக்க மகள் தலையில் விழும். நன்றாகவே விழும். ஆனால் ஈரத்தில் கிடந்தபோது துள்ளிய மனசு அவளுடையதுதானே?

"மாட்டேன்," என்றாள். "காலைக் காட்டி அழுதே உன்னை நிறுத்தியிருப்பேன்."

"தெரியும்," என்றாள் பாப்பா. "நானும் நின்னுருப்பேன். உன் தலையை ஒருதடவ தொட்டிருந்தாப் போதும், நின்னுருப்பேன். ஜன்னல்ல நின்னு அதைத்தான் யோசிச்சேன்."

பின்னி முடித்து, நுனியில் ரப்பர் வளையத்தைப் போட்டாள். போன் கூப்பிட்டது. அப்பா கீழே வண்டியோடு நிற்கிறார் என்று திரையைப் பார்த்ததும் தெரிந்தது. பாப்பா எழுந்தாள்.

மாஸ்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். துணி பிழிந்து பிழிந்து உரமேறிய கை. இத்தனை வருடம் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத கை, இப்போது இரும்பாகப் பிடித்தது.

"நீ இன்னும் போகலடி," என்றாள். "இப்ப எப்படிப் போறேன்னு பாக்கறேன். கத்துவேன். கட்டிலைவிட்டு இறங்குவேன். இன்னொரு காலும் ஒடியட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. நிஜமாகவே உடம்பைப் புரட்டினாள். கட்டுப்போட்ட கால் இழுபட்டு, வார்டே திரும்பிப் பார்க்கிறமாதிரி அலறினாள். செவிலி ஓடிவந்தாள்.

பாப்பா கையை உருவவில்லை. மறுபடி கட்டிலில் உட்கார்ந்து, இன்னொரு கையால் தாயின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"அம்மாவுக்கு வலி தாங்கல சிஸ்டர்," என்றாள். "தூங்குறதுக்கு ஏதாவது ஊசி போடலாமா?"

"தாங்கலைன்னா போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காரு," என்று செவிலி மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"வேணாம்," என்று கத்தினாள் மாஸ்டரம்மா. "வலி இல்ல, எனக்கு வலியே இல்ல, பொய் சொல்றா இவ!"

"எல்லாரும் ஊசின்னா இப்படித்தான்," என்று செவிலி பாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களை மாதிரி பக்கத்துல இருந்து பாத்துக்க எத்தனை பேருக்குப் பொண்ணு இருக்கு?"

ஊசி இறங்கியது. மாஸ்டரம்மா கண்ணை அகல விரித்து மகளையே பார்த்தாள். இமை கனத்தது. பல்லைக் கடித்துத் திறந்தாள், மறுபடி கனத்தது. கீழே ஹாரன் ஒருதடவை அடித்தது. பாப்பா அவசரப்படவில்லை. தாயின் நெற்றியைத் தடவியபடி, மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும்வரை, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.